இருபத்து நாலாவது பல்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
9.11.2024, சனிக்கிழமை

முருகன் துணை.

விநாயக் அப்பாவுக்கு, கிருஷ்ணம்மா எழுதிக்கொண்டது.

போன சனிக்கிழமை, இரண்டாம் தேதி, கந்த சஷ்டி முதல் நாள், காலை ஏழரை மணிக்கு நம் வீட்டுச் சமையல்கட்டில் இருந்தவர்கள்: நான், தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு. நீங்கள், பனியனோடு. பக்கத்து வீட்டு அமலா, உறைமோர் கேட்டு வந்தவள். உங்கள் தங்கை இந்து, தீபாவளி முறுக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க அடுத்த காலனியான பாலகாட்டிலிருந்து வந்தவள். அலமாரிப் படத்தில் வள்ளி தெய்வானையோடு முருகன். ஆக மனிதர் நாலு, தெய்வம் மூன்று. பின்னால் யாரும் "நான் பார்க்கல" என்று சொல்லக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

இத்தனை பேர் முன்னால்தான் அமலா ஃப்ரிட்ஜைத் திறந்து என் தயிர்த் தூக்கை எடுத்தாள். உள்ளே தயிர் இல்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னாக்கா, பூண்டு ஊறுகாயா? எண்ணெயே ஊத்தலியே" என்று கேட்டாள். மூடியைத் திருகி விரலையும் விட்டுவிட்டாள். அப்போதுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "அய்ய, அது பல்லு. ஆளுங்க பல்லு. சுத்தமாத்தான் கீது."

அமலா அதற்குப் பிறகு மூன்று நாள் அந்தக் கையால் சாப்பிடவில்லை. இந்து சிரித்துக்கொண்டே போனாள். அவள் பாலகாட் போய்ச் சேர்வதற்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் கோபத்தில் விளக்கின் முன்னால் நின்று, "இந்த மனுசன்கிட்ட நாப்பத்தெட்டு நாள் போன்ல பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி வரை அதில் மாற்றம் இல்லை. கடிதம் எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் வாட்ஸப்பில் கைகூப்புற படம் அனுப்பியிருப்பதாக விநாயக் சொன்னான். வாட்ஸப்பும் போனுக்குள்தானே இருக்கிறது. இனி அனுப்ப வேண்டாம்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? "தூக்கிப் போட்டுடாதே, ஒரு பொண்ணோட படிப்பு அதுல கீது" என்று சொல்லிவிட்டு இந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டீர்கள். நாலு நாள் அந்தப் பாட்டிலோடு தனியாக இருந்தவள் நான். ஆறாம் தேதி வந்து, காபிகூடக் குடிக்காமல், பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு வேலை பார்க்கிற ஊருக்குப் போய்விட்டீர்கள்.

மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். அவை யார் பல்? எதற்கு? என் தயிர்த் தூக்கு என்ன பாவம் செய்தது?

கிருஷ்ணம்மா

*

13.11.2024, புதன்

கிருஷ்ணம்மாவுக்கு,

உன் கடிதம் எங்கள் பல் கல்லூரி ஆபீஸுக்கு வந்தது. இந்தக் காலத்தில் கையால் முகவரி எழுதிய கவர் வந்ததும் ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். படித்து முடித்ததும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

ஒன்று. யார் பல் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ராபர்ட்சன்பேட்டை டாக்டர் ஆபிரகாம் பிடுங்கியவை. சொந்தக்காரர்கள் படிப்புக்குக் கொடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை. அவருடைய நர்ஸ் ஞானசுந்தரி ஒரு மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். அதில், குளிர்ச்சியில்தான் வைக்க வேண்டும், காயக் கூடாது. அதனால் ஃப்ரிட்ஜ்.

இரண்டு. இங்கே எம்.டி.எஸ். என்ற மேல்படிப்பு படிக்கிற ஷில்பா என்ற பெண்ணின் ஆராய்ச்சிக்கு. பல்லுக்கு மேலே வெள்ளை ஓடு, அதற்குக் கீழே கொஞ்சம் மஞ்சளாக ஒன்று இருக்கும். டென்டின் என்பார்கள். சொத்தையைச் சுரண்டி அடைக்கும்போது, அடைப்பு அந்த மஞ்சளில்தான் பிடிக்க வேண்டும். வெள்ளையில் சுலபமாகப் பிடிக்கும். மஞ்சளில் ஈரம் கசியும், அதனால் அடம் பிடிக்கும். அதற்கென்று பசைகள் இருக்கின்றன. இரண்டு வகைப் பசையில் எது நன்றாகப் பிடிக்கிறது என்பதுதான் ஷில்பாவின் கேள்வி. மொத்தம் நாற்பது பல். பசைக்கு இருபதாகப் பிரித்துக்கொள்வாள்.

அவள் பல்லை பிளாஸ்டிக் கட்டியில் பதித்து, மேல்பக்கம் மஞ்சள் தெரிகிற வரை தேய்த்து, பசை தடவி, நீல வெளிச்சம் காட்டி, அதன்மேல் பட்டாணி அளவு அடைப்பை நட்டு வைப்பாள். பிறகு என் கைக்கு வரும். என் மிஷினில் உளி மாதிரி ஒரு பிளேடு. நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்கும். நம் ஊர் தங்கச் சுரங்கத்தில் ஆளை இறக்கும் கேஜ் அந்த வேகத்தில் இறங்கியிருந்தால் எங்கப்பா அடி லெவலுக்குப் போய்ச் சேர ஆறு வருஷம் ஆகியிருக்கும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிளேடு அடைப்பை அழுத்தும், அழுத்தும், ஒரு இடத்தில் டப்பென்று பிய்ந்துவிடும். எவ்வளவு பலத்தில் பிய்ந்தது என்று மிஷின் நம்பர் காட்டும். இருபதுக்குப் பக்கம் வந்தால் நல்ல பிடிப்பு.

மூன்று. தயிர்த் தூக்கு ஒன்றும் செய்யவில்லை. பாட்டில் உன் கண்ணில் பட வேண்டாம் என்று நினைத்தேன். தப்புதான்.

உன் ஃப்ரிட்ஜில் இருந்தது இருபத்து நாலு. ஊருக்குக் கிளம்பின அன்று காலையில் ஆபிரகாமிடம் இன்னும் பதினாறு வாங்கினேன். இங்கே வந்து இரண்டையும் ஒன்றாகக் கொட்டி ஷில்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். டிசம்பர் கடைசியில் என் காண்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். இந்த டெஸ்ட் நல்லபடியாக முடிந்தால் பெரிய டாக்டர் மஞ்சுநாத் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார்.

இன்னொன்று. தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன், நீ இடது பக்கமாகவே மெல்லுகிறாய். வலது பக்கம் என்ன?

பெருமாள்

*

கோரமண்டல்
17.11.2024, ஞாயிறு

முருகன் துணை.

விநாயக் அப்பாவுக்கு,

வலது பக்கம் சஷ்டி விரதத்தில் இருக்கிறது. சஷ்டி முடிந்து பத்து நாள் ஆகிறதே என்று கேட்க வேண்டாம். என் வாயைப் பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதினதை இரண்டு தடவை படித்தேன். ஒன்று புரியவில்லை. ஒட்ட வைக்கத்தான் அந்தப் பெண் மூன்று வருஷம் படிக்கிறாள். ஒட்டினதும் உங்கள் கையில் கொடுத்துப் பிய்த்துப் பார்க்கிறாள். ஒட்டினது ஒட்டினதாகவே இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அமலாவிடம் கேட்டேன், அவளும் அதையேதான் கேட்டாள். அவளுக்கு இப்போது பூண்டு ஊறுகாயே பிடிக்காமல் போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பைபிள் வகுப்பில் அவள் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். பாஸ்டர், பல்லைப் பற்றி வேதத்தில் எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறாராம்.

அந்த நாலு நாளும் நான் பாட்டிலைத் தொடவே இல்லை. நீங்கள் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

சும்மா ஒரு சந்தேகம். அந்த மருந்துத் தண்ணீர் என்று எழுதினீர்களே, அது மாறினால் பல்லுக்குத் தெரியுமா? கெட்டது எதுவும் இல்லை, நல்லதாக ஏதாவது கலந்தால்? பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

கிருஷ்ணம்மா

*

24.11.2024, ஞாயிறு

கிருஷ்ணம்மாவுக்கு,

உன் சந்தேகத்துக்குப் பதில் அப்புறம் சொல்கிறேன். இங்கே நிலைமை சரியில்லை.

வெள்ளிக்கிழமை டெஸ்ட் ஆரம்பித்தோம். நான், ஷில்பா, மஞ்சுநாத் சார். முதல் பல்லுக்கு நம்பர் பதினெட்டு. நல்லது என்றார். இரண்டாவது பல்லில் பிளேடு தொட்டதும் பட்டாணி விழுந்துவிட்டது. நம்பர் நாலு. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மூன்றாவது ஐந்து. நாலாவது இருபத்தொன்று. அடுத்தது மறுபடியும் நாலு. இப்படியே போனது. ஒரு பசையில் மட்டும் விழுந்தால் அந்தப் பசை மட்டம் என்று எழுதிவிட்டுப் போகலாம். இரண்டு பசையிலும் விழுகிறது. சாயந்திரம் நாற்பதும் முடிந்தபோது, நன்றாகப் பிடித்தது பதினாறு, விழுந்தது இருபத்து நாலு.

"ஏன்ரீ பெருமாள், மிஷின் ஓட்டுறீரா, ஊஞ்சல் ஆட்டுறீரா" என்று சார் கன்னடத்தில் கேட்டார். ஷில்பா பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். மறுபடியும் போய் அழுதாள். அவள் பசை தடவினது சரி, நான் கூடவே இருந்து பார்த்தேன். நேற்று முழுக்க எடைக்கல் வைத்து மிஷினைச் சோதித்தேன். கல்லுக்குச் சரியாகக் காட்டுகிறது, பல்லுக்குத்தான் காட்டவில்லை. ஃபேக்டரி டெஸ்ட் ஹவுஸில் இருபத்தாறு வருஷம் இரும்பைப் பிய்த்தவன் நான். ஒரு பட்டாணி என்னை இப்படிச் செய்துவிட்டது.

இருபத்து நாலு. ஏன் இருபத்து நாலு என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

பெருமாள்

*

(தபால் அட்டை)

27.11.2024

முருகன் துணை. விநாயக் அப்பாவுக்கு. விழுந்தது இருபத்து நாலுதான் என்று உறுதியா? அவசரத்தில் எண்ணியிருப்பீர்கள். இருபத்து மூன்றாகவோ இருபத்தைந்தாகவோ இருக்கலாம். மறுபடியும் எண்ணவும். மிஷினுக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, குங்குமம் வைக்கவும். பதிலில் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதும். இங்கே எல்லோரும் நலம். நானும் நலம்தான். கிருஷ்ணம்மா.

*

1.12.2024, ஞாயிறு

கிருஷ்ணம்மாவுக்கு,

எண்ணினேன். இருபத்து நாலு.

உன் அட்டையை ஆபீஸில் எல்லோரும் படித்துவிட்டார்கள். குங்குமம் வைத்தாயிற்றா என்று பியூன் கேட்கிறான்.

இனிமேல் இது சிரிக்கிற விஷயம் இல்லை. எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமைக்குள் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். மிஷின் தப்பு என்றால் இதே மிஷினில் டெஸ்ட் செய்த மற்ற பிள்ளைகளின் படிப்பும் சந்தேகத்துக்கு வரும். மிஷின் தப்பு இல்லை என்றால் ஓட்டுகிறவன் தப்பு. பல்லைப் பிடிமானத்தில் பூட்டும்போது என் கை நடுங்குவதாக, கோணலாகப் பூட்டுவதாக எழுதியிருக்கிறார்கள். வயசு ஐம்பத்தெட்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். வயசு சரிதான்.

நேற்று டீக்கடையில் கிளாஸைப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தால் எந்தக் கையும் நடுங்குகிற மாதிரிதான் இருக்கிறது. ஒருவேளை உண்மையாகவே நடுங்குகிறதோ, எனக்குத்தான் தெரியவில்லையோ. நீ பார்த்திருக்கிறாயா? என் கை நடுங்குகிறதா? உண்மையைச் சொல். நீ சொன்னால் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

பெருமாள்

*

கோரமண்டல்
4.12.2024, புதன்

முருகா.

விநாயக் அப்பாவுக்கு,

உங்கள் கை நடுங்கவில்லை. தீபாவளி அன்று ஏணி மேல் நின்று சீரியல் செட் மாட்டினீர்கள், ஏணியைப் பிடித்த என் கைதான் நடுங்கியது. எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

அந்தப் பாட்டிலை நான் தொட்டேன். பதினேழாம் தேதி தொடவில்லை என்று எழுதினது பொய். சஷ்டியில் பொய் சொல்லக்கூடாது என்று ஆறு நாள் காத்தேன், சஷ்டி முடிந்த பிறகு சொல்லியிருக்கிறேன். அதற்கு முருகனிடம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இந்து வீட்டுக்குப் போன அன்று சாயந்திரம், சஷ்டிக்கு மாவிளக்கு வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் யாரோ இருபத்து நாலு பேர் வாய் இருக்கிறது. தூக்கிப் போட முடியாது, நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அப்படியே வைத்திருக்கவும் மனசு ஒப்பவில்லை. மஞ்சள் தண்ணீரில் கழுவலாம் என்றால் நிறம் ஏறி நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். பல்லுக்கு நல்லது, மணமும் நல்ல மணம், சாமி வெற்றிலையில்கூட வைக்கிறோமே என்று, கிராம்பு நினைவுக்கு வந்தது. வீட்டில் கிராம்புத் தைலம் இருந்தது. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டேன். (நாற்றமாக இருந்தது. அதுதான் மருந்துத் தண்ணீர் என்று எனக்கு யார் சொன்னார்கள்?) வெந்நீரில் ஒரு பாட்டில் தைலத்தையும் ஊற்றி, பல்லைப் போட்டு, கற்பூரம் காட்டி, மூடி வைத்தேன். மூன்று நாள் ஊறியது. ஐந்தாம் தேதி நன்றாக அலசி, உப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

கெடுதல் என்று நினைத்துச் செய்யவில்லை. யாரோ வலி தாங்காமல் கொடுத்த பல். அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு தடவை முருகா என்று சொல்லித்தான் உள்ளே போட்டேன். எத்தனை சொன்னேன் என்று மறந்துவிடக் கூடாதே என்பதற்காக, நோட்டில் ஒவ்வொரு பல்லையும் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். என் நோட்டிலிருந்து நான் பக்கம் கிழிப்பது இதுதான் முதல் தடவை. அதில் இருப்பது போல:

"1. பெரிய கடைவாய்ப் பல். வேர் மூன்று. முக்காலி மாதிரி நிற்கும்.
2. கடைவாய்ப் பல், வேர் இரண்டு, ஒன்று நுனி உடைந்தது.
3. நீளம். வேர் கொக்கி மாதிரி. இந்துவின் மாமியார் பல் மாதிரி.
4. சின்னது, வெளுப்பு. சின்ன வயசுக்காரர் போல, பாவம்.
5. மேலே பழுப்புக் கோடு. டீ அதிகம் குடிப்பவர்."

இப்படி இருபத்து நாலும் இருக்கிறது. உங்கள் ஷில்பா எதிலாவது பல்லின் முகத்தைக் குறித்து வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். கிராம்பில் ஊறினதுதான் விழுந்ததா என்று தெரிந்துவிடும். அப்படி இல்லையென்றால் என் மேல் தப்பில்லை, எனக்கும் நிம்மதி.

என் பெயரை அப்படியே சாரிடம் சொல்லுங்கள். கோரமண்டல் கிருஷ்ணம்மா செய்தது, பெருமாளுக்குத் தெரியாது என்று. வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கை நடுங்குகிறது என்று மட்டும் யாரும் எழுதக் கூடாது.

கிருஷ்ணம்மா

*

9.12.2024, திங்கள்

கிருஷ்ணம்மாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டு ஒரு மணி நேரம் உன் மேல் கோபமாக இருந்தேன். அதன் பிறகு முக்காலி மாதிரி நிற்கும் பல் என்ற வரி நினைவு வந்து தனியாகச் சிரித்தேன். பியூன் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளியே நடக்கிறான்.

ஷில்பா கட்டியில் பதிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பல்லுக்கும் நம்பர் போட்டு நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். இன்று காலை மஞ்சுநாத் சார் ரூமில் கம்ப்யூட்டரில் போட்டோவைப் போட்டோம். நான் உன் பக்கத்தைத் தமிழில் படித்து, கன்னடத்தில் சொல்ல, ஷில்பா தேடினாள். முக்காலி, பதினேழாம் நம்பர். விழுந்தது. கொக்கி வேர், முப்பத்திரண்டு. விழுந்தது. டீ குடிப்பவர், ஒன்பது. விழுந்தது. "இந்துவின் மாமியார்" என்பதை நான் விட்டுவிட்டுப் படித்தேன். பன்னிரண்டாவது பல்லோடு சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இருபத்து நாலும் பொருந்தியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. உன் பக்கத்தில் இல்லாத பதினாறும் நன்றாகப் பிடித்தவை.

கிராம்புத் தைலத்தில் இருக்கிற ஏதோ ஒன்று, பசை கெட்டியாவதைத் தடுத்துவிடுமாம். புஸ்தகத்திலேயே இருக்கிறது என்றார் சார். பல் டாக்டர் எவருக்கும் தெரிந்த விஷயமாம். தைல வாசனை யாருக்குமே தெரியவில்லையா என்று கேட்டேன். "இந்தக் கட்டடமே நாப்பது வருஷமா கிராம்பு வாசனைதான்ரீ" என்றார்.

மெமோவை அவரே வாங்கிக் கிழித்தார். "மிஷின் சரி, பெருமாளும் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு உன் நோட்டுப் பக்கத்தைக் கையில் எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "என் ஸ்டூடண்ட்ஸ் ஒருத்தராவது பல்லை இப்படிப் பார்த்து எழுதறாங்களா" என்று ஷில்பாவைத் திட்டினார். அவள் இன்னொரு தடவை அழுதாள், இந்தத் தடவை நிம்மதியில்.

ஆனால் வேலை முடியவில்லை. அந்த இருபத்து நாலையும் தள்ளியாயிற்று. புதிதாக இருபத்து நாலு கடைவாய்ப் பல் வேண்டும். சொத்தை இருக்கக் கூடாது, விரிசல் இருக்கக் கூடாது. இருபதாம் தேதிக்குள் வந்தால்தான் ஷில்பா நேரத்துக்கு முடிப்பாள், என் காண்ட்ராக்டும் அதோடுதான் மேஜைக்குப் போகும். எனக்கு லீவு இல்லை. ஆபிரகாம் டாக்டரிடம் நீயே போய் வாங்கி, விநாயக்கிடம் கொடுத்தனுப்பு. மருந்துத் தண்ணீரை மாற்றாதே. கற்பூரம் காட்டாதே. யார் பல் என்று கேட்காதே, யாரிடமும் சொல்லாதே.

ஒன்று கேட்க வேண்டும். உன் நோட்டில் அரை முழம் பூ வாங்கினால்கூட எழுதியிருப்பாய். வீட்டில் ஒரு பாட்டில் கிராம்புத் தைலம் எதற்கு இருந்தது? யார் பல்லுக்கு? அதை மட்டும் எழுதவில்லை.

பெருமாள்

*

கோரமண்டல்
17.12.2024, செவ்வாய்
மார்கழி 2

முருகன் துணை.

விநாயக் அப்பாவுக்கு, கிருஷ்ணம்மா எழுதிக்கொண்டது.

பாட்டில் விநாயக்கிடம் கொடுத்தாயிற்று. இதுவும் அவன் பையிலேயே வருகிறது. பெங்களூரில் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அங்கிருந்து நேராக உங்களிடம் வருவான். மடியில் வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து சீட்காரர் கேட்டால் ஊறுகாய் என்று சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஆபிரகாம் டாக்டரிடம் வியாழக்கிழமையே போனேன். ஞானசுந்தரி என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, பூண்டு ஊறுகாய் வேணுமா" என்று கேட்டாள். இந்துவின் சேதி ராபர்ட்சன்பேட்டை வரை வந்திருக்கிறது. அவர்களிடம் சொத்தை இல்லாத கடைவாய்ப் பல் பதினைந்துதான் இருந்தது. டாக்டர் ஆண்டர்சன்பேட்டையில் தன் சிநேகிதருக்குப் போன் செய்து எட்டு வாங்கித் தந்தார். இருபத்து மூன்று. ஒன்று குறைந்தது. வெள்ளிக்கிழமை கார்த்திகை தீபம் முடித்துவிட்டு, சனிக்கிழமை போனேன், வரவில்லை. நேற்று, மார்கழி ஒன்றாம் தேதி, மறுபடியும் போனேன். கிடைத்துவிட்டது. இருபத்து நாலு சரி.

மருந்துத் தண்ணீர் ஞானசுந்தரி ஊற்றினது, நான் மாற்றவில்லை. ஃப்ரிட்ஜில் ஒரே ஒரு ராத்திரி இருந்தது. தயிர்த் தூக்கில் இல்லை, நேராக நடுத்தட்டில், எல்லோரும் பார்க்கிற மாதிரி. அமலா வந்து பார்த்து, "சாமிக்கு வெச்ச மாதிரி வெச்சிக்கினுகீறியே" என்றாள். மூடி திறக்காமல் வெளியிலிருந்தே இருபத்து நாலு தடவை முருகா சொன்னேன். வெளியிலிருந்து சொன்னால் பசைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன். ஆகும் என்றால் முன்கூட்டியே ஷில்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

யார் பல் என்று கேட்கக் கூடாது என்றீர்கள், கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நோட்டில் எழுதினது மட்டும் பழக்கம், அதை விட முடியாது. இருபத்து மூன்று வரிகளை உங்களுக்கு அனுப்பவில்லை. கடைசி வரி மட்டும், உங்கள் கேள்விக்குப் பதில் என்பதால்:

"24. கடைசிக் கடைவாய்ப் பல். வலது, கீழ். சாய்ந்து முளைத்தது, அதனால் ஈறு குத்திக்கொண்டே இருந்தது. வேர் இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வளைந்திருக்கும். சொத்தை இல்லை, விரிசல் இல்லை என்று டாக்டரே வெளிச்சம் போட்டுப் பார்த்துச் சொன்னார். சம்மதக் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்று வருஷம் கிராம்புத் தைலத்தில் இருந்தது. நாலாம் தேதியிலிருந்து பன்னிரண்டு நாள் தைலம் படாதது."

பல்லுக்குள் தைலம் போயிருக்காது, ஈறுக்குத்தான் வைத்தது என்று ஞானசுந்தரி சொன்னாள். இருந்தாலும் டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன். பரவாயில்லை என்றார். உங்களுக்கு நாலாம் தேதி எழுதி முடித்ததும், அதற்கப்புறம் வாங்கியிருந்த தைலப் பாட்டிலைக் கழுவித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தவள் இன்னும் நிமிர்த்தவில்லை. முதலில் சொன்ன பொய்க்குத் தண்டனை என்று நினைத்துத்தான் நிறுத்தினேன். உங்கள் ஒன்பதாம் தேதிக் கடிதம் வந்த பிறகு, சரி, இது வேறு ஒன்றுக்கு ஆகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். அமலா இரண்டு ராத்திரி வந்து கூட இருந்தாள். இனி இடது பக்கம் மெல்லுவதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டியதில்லை.

நாளை மறுநாள் என் விரதம் முடிகிறது. அதற்காகப் போன் செய்ய வேண்டாம். கன்னம் வீங்கியிருக்கிறது, பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள். கடிதமே எழுதுங்கள்.

ஷில்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். எந்தப் பசை வேண்டுமானாலும் அவள் தடவட்டும். மிஷினில் நீங்கள்தான் பூட்ட வேண்டும், கோணாமல் பூட்டுங்கள். அந்த இருபத்து நாலாவது எவ்வளவு தாங்கியது என்று நம்பரோடு சீக்கிரம் பதில் போடுங்கள்.

கிருஷ்ணம்மா